கசியும் ஈறும் கசியாத ஈறும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பல் மருத்துவரை மேடையேற்றினால் அவர் சொத்தைப் பல்லைப் பற்றிப் பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் ஈறு மருத்துவம் செய்பவன். சொத்தை வலிக்கும், வலித்தால் நோயாளி தானாக வருவார். ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் ஆடும்போதுதான் வருகிறார்கள். அதற்குள் பல்லைத் தாங்கிய எலும்பில் பாதி போயிருக்கும். அந்த நோய் ஆணிடம் எப்படி நடந்துகொள்கிறது, பெண்ணிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

நோய் எப்படித் தொடங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரிடம் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. ஈறு நோய்க்குக் காரணம் பல்லின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம்தான் என்பதை இந்தச் சோதனை ஐயமறக் காட்டியது. வைட்டமின் குறைவு, உடல் சூடு, வயிற்றுக் கோளாறு என்று அதுவரை சொல்லப்பட்டு வந்தவை பின்னுக்குப் போயின.

இந்த நிலையில் இருப்பது ஈறழற்சி. இது குணமாகும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அழற்சி உள்ளே இறங்கி, பல்லை எலும்போடு கட்டியிருக்கும் நார்களைத் தின்று எலும்பையும் கரைக்கும். ஆற்றங்கரை மரத்தின் வேரடியில் மண் அரிப்பதைப் போல இது நடக்கிறது. மேலே மரம் பச்சையாகவே நிற்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்புவதில்லை. 'சிலருக்கு' என்று நான் சொன்ன சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது ஆண், பெண் கணக்கு. அமெரிக்காவில் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாக, 2009–2010இல் 30 வயதைக் கடந்தவர்களின் வாயை முழுமையாக அளந்து பார்த்தார்கள். எலும்பைத் தொட்ட ஈறு நோய் ஆண்களில் 56.4 விழுக்காட்டினருக்கு இருந்தது, பெண்களில் 38.4 விழுக்காட்டினருக்கு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்விலும் ஆண்கள் பக்கமே எண்ணிக்கை கூடுதல்: 37.4 விழுக்காட்டுக்கு 28.1. நாடு மாறினாலும் சாய்வு பெரும்பாலும் இதே பக்கம்தான்.

ஏன் என்று கேட்டால் முதலில் வரும் விடை புகையிலை. இந்தியாவில் 2016–17இல் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் 19 விழுக்காட்டினர் பீடியோ சிகரெட்டோ புகைக்கிறார்கள். பெண்களில் 2 விழுக்காட்டினர். ஆனால் மெல்லும் புகையிலையை மட்டும் எடுத்துக்கொண்டால் படம் மாறுகிறது: ஆண்களில் 29.6, பெண்களில் 12.8. வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிவைக்கும் நம் ஊர்ப் பாட்டிமார்கள் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். புகையிலையை எந்த இடத்தில் அடக்குகிறார்களோ அந்த இடத்து ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும். வாயைத் திறந்ததும் அவர் எந்தப் பக்கம் அடக்குகிறவர் என்று சொல்லிவிடலாம்.

புகைக்கும் ஆணின் ஈற்றில் ஓர் ஏமாற்று இருக்கிறது. இன்றைய பேச்சில் நீங்கள் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் இதை எடுத்துப் போகச் சொல்வேன். நிகோட்டின் ஈற்றின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நாட்பட்ட புகைப் பழக்கம் அங்கே ரத்த ஓட்டத்தையே மாற்றிவிடுகிறது. அதனால் புகைப்பவரின் ஈறு, நோய் இருந்தும் குறைவாகவே கசியும். வெளிறி, இறுகி, பார்வைக்கு நலமாகத் தெரியும். அளவுகோலைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விட்டால் ஏழு மில்லிமீட்டர் இறங்கும். "எனக்கு ரத்தமே வந்ததில்லையே டாக்டர்" என்று அவர் சொல்வது உண்மை. அந்த உண்மைதான் அவரைத் தாமதப்படுத்தியது. இவர் பீடியை விட்ட சில வாரங்களில் ஈறு கசியத் தொடங்கும். பயந்துபோய், விட்டதால்தான் வந்தது என்று மறுபடி பற்றவைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது ஈறு தன் எதிர்ப்பைத் திரும்பப் பெறும் அடையாளம். புகையை விடச் சொல்லும் மருத்துவர் ஒவ்வொருவரும் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

புகையைக் கழித்துப் பார்த்தாலும் ஆண் பக்கத்துச் சாய்வு முழுவதும் மறைவதில்லை. கிருமி நுழைந்தவுடன் கண்மூடித்தனமாகப் பாயும் முதல்கட்டத் தற்காப்பு ஆண் உடலில் வேகமாக எழுகிறது. கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்யும் இரண்டாம்கட்டத் தற்காப்பு பெண் உடலில் வலுவாக இருக்கிறது. ஈறு நோயில் எலும்பைக் கரைப்பதில் கிருமியைவிட நம் சொந்தத் தற்காப்பின் மிகைக்குப் பங்கு அதிகம் என்பதால், இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. அதே வலுவான எதிர்ப்பொருள் பெண்ணுக்கு வேறு இடத்தில் விலை வைக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளை உடலே தாக்கும் ஷோகிரன் நோயில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். முடக்குவாதத்திலும் அவர்களே கூடுதல். வாய் வறண்டால் பல்லுக்குக் காவல் போயிற்று. இதைத் தனியே பேச வேண்டும், இன்று நேரமில்லை.

இப்போது நம் மக்களைப் பற்றிய ஒரு கதைக்கு வருகிறேன். உலகின் எந்த ஈறு மருத்துவ நூலைத் திறந்தாலும் இலங்கையின் தேயிலைத் தொழிலாளர்களைச் சந்திக்கலாம். அதே ஹரால்ட் லோவின் குழு, 1970இல் மலையகத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயை அளந்தது. பல் துலக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. பல் மருத்துவ வசதி எட்டவில்லை. ஈறு நோயை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதை அறிய, அதே ஆட்களை 1985 வரை திரும்பத் திரும்ப அளந்தார்கள். 1986இல் முடிவு வந்தது. எல்லோருக்கும் படலமும் அது இறுகிய காரையும் நிறைய, எல்லோருக்கும் ஈறழற்சி. ஆனால் 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து ஓடியது. அவர்களுக்கு 45 வயதில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. 81 விழுக்காட்டினருக்கு மிதமான வேகத்தில் நகர்ந்தது. மீதி 11 விழுக்காட்டினருக்கு ஈறழற்சியைத் தாண்டி ஒன்றும் நடக்கவில்லை. வாழ்நாளில் பல் துலக்காத அவர்கள் ஏறக்குறைய எல்லாப் பற்களோடும் இருந்தார்கள்.

அப்போது சொன்ன 'சிலருக்கு' என்பதன் பொருள் இதுதான். ஒரே தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடு, ஒரே சோறு, ஒரே ஆண்பால். இருந்தும் ஒருவன் எல்லாப் பல்லையும் இழக்கிறான், பக்கத்து வீட்டுக்காரன் ஒன்றையும் இழக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் உள்ள இடைவெளியைவிட ஆணுக்கும் ஆணுக்கும் இடையில் உள்ள இடைவெளி பெரிது. 2017இல் சிகாகோவில் கூடிய உலகப் பணிப்பட்டறை ஈறு நோயைப் புதிதாக வகைப்படுத்தியபோது, நோய் எவ்வளவு வேகமாக ஓடும் என்று கணிக்க நோயாளியின் இரண்டு செய்திகளைக் கணக்கில் சேர்த்தது: புகைப் பழக்கம், நீரிழிவு. ஆணா பெண்ணா என்பதைச் சேர்க்கவில்லை. அது சரியான முடிவென்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த மலையக ஆய்வில் என் மனத்தை விட்டு நீங்காத ஒன்று உண்டு. அந்த 480 பேரும் ஆண்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதே லயத்தில் வாழ்ந்து, அதே வெற்றிலையைப் போட்டு, கூடுதலாகப் பிள்ளையும் பெற்றவர்கள். ஈறு நோயின் இயற்கை வரலாறு என்று உலகம் முழுக்க மாணவர்கள் படிப்பது பாதி வரலாறுதான். மறுபாதியை அந்த ஆய்வு அளக்கவே இல்லை.

இதற்கு நேர்எதிரான பிழையும் நடந்திருக்கிறது. பருவ வயதில் முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் சுற்றி எலும்பைக் கரைக்கும் ஒருவகை ஈறு நோய் பெண் பிள்ளைகளுக்கே மூன்று மடங்கு வருகிறது என்று பல ஆண்டுகள் நூல்களில் அச்சாகிக்கொண்டிருந்தது. 1991இல் ஓர் ஆய்வுக் குழு அந்தக் கணக்கைத் திருத்திப் பார்த்தது. மருத்துவமனைக்கு முதலில் வந்து சேர்ந்தவர்களில் பெண்கள் அதிகம். அந்தச் சாய்வைச் சரிசெய்ததும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று. அக்கா தம்பி இருவருக்கும் நோய் இருக்கும் வீட்டில் அக்கா வந்தாள், தம்பி வரவில்லை. அதை நோயின் குணம் என்று எழுதிவைத்திருந்தார்கள்.

பெண்ணின் உடலுக்கு வருகிறேன். வயதுக்கு வரும்போது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில், கருவுற்ற மாதங்களில் ஈறு கூடுதலாகச் சிவக்கும், கசியும். 1963இல் லோவும் சில்னஸ் என்ற ஆய்வாளரும் கர்ப்பிணிகளின் ஈற்றை மாதவாரியாக அளந்தார்கள். இரண்டாம் மாதத்தில் தொடங்கும் அழற்சி எட்டாம் மாதம் வரை ஏறி, பிறகு தணிகிறது. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் இரண்டும் ஈற்றின் ரத்தக் குழாய்களைத் தளர்த்திக் கசிய விடுகின்றன. ஈற்றடியில் வாழும் பிரிவோடெல்லா வகைக் கிருமிகள் சில இந்த ஹார்மோன்களையே தம் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன என்று 1980 வாக்கில் காட்டினார்கள். சில கர்ப்பிணிகளுக்குப் பல் இடுக்கில் ஈறு சிவந்த கட்டியாகவே வளரும். புற்றுநோயோ என்று வீடே கலங்கிப்போகும். புற்றுநோய் அல்ல, பலருக்கும் பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும்.

இங்கே கவனியுங்கள். ஹார்மோன் மட்டும் ஈறழற்சியை உண்டாக்குவதில்லை. படலம் இருக்கும் இடத்தில் அதன் விளைவைப் பெருக்கிக் காட்டுகிறது. பல் சுத்தமாக இருக்கும் கர்ப்பிணிக்குப் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை. ஆணிடம் புகை மறைத்த அறிகுறியைப் பெண்ணிடம் கர்ப்பம் உரக்கச் சொல்கிறது. ஆனால் அதைக் கேட்பவர்கள், "மாசமா இருக்கறப்ப அப்படித்தாம்மா வரும், பயப்படாதே" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சொல்பவர் மாமியாராக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், சில நேரம் மருத்துவராகவும் இருக்கலாம். அவனுக்குக் கசியவில்லை என்பதால் கவனிக்கவில்லை. அவளுக்குக் கசிவது இயல்பு என்பதால் கவனிக்கவில்லை. முடிவில் இருவரும் ஒரே நாற்காலியில் ஒரே நிலையில் வந்து உட்காருகிறார்கள்.

பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்பது தவறு. எனாமலில் இருந்து அப்படி எடுக்க உடலுக்கு வழியில்லை. ஆனால் பேச்சின் இன்னொரு பாதியை நான் தள்ளிவிட மாட்டேன். 2018இல் ஐரோப்பிய நாடுகளின் பெரிய தரவுத் தொகுப்பு ஒன்றை வைத்து ஓர் ஆய்வு வந்தது. முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரே பாலாக அமைந்த குடும்பங்கள் மூன்றாவது பிள்ளைக்குப் போவது அதிகம். அது தற்செயலாக அமைவது என்பதால், மூன்றாவது பிள்ளையின் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க முடிந்தது. மூன்றாவது பிள்ளை பெற்ற தாய்மாருக்குச் சராசரியாக நான்கு பற்கள் குறைவு. அதே பிள்ளைகளின் தந்தையருக்கு அப்படிக் குறையவில்லை. கர்ப்ப காலத்து அழற்சி, வாந்தியின் அமிலம், நேரமின்மை, தனக்கென்று செலவு செய்யாத மனம், மசக்கையில் பிரஷ்ஷை வாயில் வைக்க முடியாத வாரங்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த நான்கு பற்களை எடுத்திருக்க வேண்டும்.

1996இல் வட கரோலினாவில் ஓர் ஆய்வு பெரும் அதிர்வை உண்டாக்கியது. 124 தாய்மார்களைப் பரிசோதித்து, கடுமையான ஈறு நோய் உள்ளவர்களுக்குக் குறைமாத, எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று சொன்னார்கள். கர்ப்பிணிகளின் ஈறு திடீரென்று உலகின் கவனத்துக்கு வந்தது. பிறகு 823 கர்ப்பிணிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கர்ப்பத்திலேயே ஈறு சிகிச்சை செய்து, மறு குழுவுக்குப் பிரசவத்துக்குப் பின் செய்து பார்த்தார்கள். 2006இல் முடிவு வந்தது: குறைமாதப் பிரசவம் ஒரு பக்கம் 12.0 விழுக்காடு, மறு பக்கம் 12.8. வேறுபாடு இல்லை. சிகிச்சையால் ஈறு நலமடைந்தது; தாய்க்கும் சேய்க்கும் தீங்கும் இல்லை.

இந்த முடிவு வந்ததும் பலருக்கு ஆர்வம் வடிந்துபோனது. பிள்ளைக்குப் பயன் இல்லையென்றால் எதற்கு என்ற தொனி அதில் இருந்தது. எனக்கு அது இன்றுவரை வருத்தம் தருவது. தாயின் ஈறு தாய்க்காகவே குணமாக வேண்டும். முப்பது வயதில் அவள் காக்கும் எலும்பு அறுபதில் அவள் மென்று தின்னும் சோறு. கர்ப்பத்தில் ஈறு சிகிச்சை பாதுகாப்பானது என்று மெய்ப்பித்ததுதான் அந்த ஆய்வின் பெருங்கொடை என்பேன்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு கரையும் வேகம் உடல் முழுக்கக் கூடுகிறது, தாடையும் விலக்கல்ல. அந்த வயதில் எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், பல் பிடுங்கும் முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மருந்துகளால் பிடுங்கிய இடத்துத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. அது அரிது, ஆனால் வந்தால் கொடுமை.

செய்யக்கூடியவை என்ன என்று இங்கே வந்திருக்கும் சுகாதாரத் துறை நண்பர்கள் கேட்பார்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணியைப் பதிவு செய்வதில் நாம் நாட்டுக்கே முன்மாதிரி. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கிறோம். அந்த வரிசையில் 'ஈற்றில் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா' என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் செலவு ஒன்றும் இல்லை. ஆம் என்றால் நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் பல் மருத்துவரிடம் அனுப்பலாம். வலி இருந்தால் எந்த மாதமும் காத்திருக்கத் தேவையில்லை. மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் ஊசியைக் கர்ப்பிணிக்கும் போடலாம். கடைசி மாதங்களில் மல்லாக்கப் படுக்க வைத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரும். வலது இடுப்பின் கீழ் ஒரு சிறு தலையணை வைத்து இடப்பக்கம் சாய்த்தால் போதும். வாந்தி எடுத்த கையோடு பல் துலக்க வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீரில் சிட்டிகை சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் துலக்கலாம்.

ஆண்களை எப்படிப் பிடிப்பது என்பதுதான் கடினம். அவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை. ஆனால் இப்போது மருத்துவம் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நீரிழிவு ஈறு நோயை வளர்க்கிறது; ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வர விடுவதில்லை. அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும். மாத்திரையைக் கையில் கொடுக்கும் அந்தப் பெண் தன்னார்வலர், "அண்ணே, பல் ஏதும் ஆடுதா, இடைவெளி விழுந்திருக்கா, பீடி உண்டா" என்று கேட்டுவிட்டு வரலாம். ரத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. புகைக்கிறவர் இல்லை என்பார், அது உண்மையாகவும் இருக்கும்.

பல் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்ற அச்சம் ஆண், பெண் இருபாலாரிடமும் இருக்கிறது. காரை சிமெண்ட் பூசியதுபோல் பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்த பல் தன் உண்மையான ஆட்டத்தைக் காட்டும். பல் இடுக்கில் நாக்கு தட்டும். சில நாள் கூசும். சிகிச்சைக்கு முன்பே இதை உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் அவர் அடுத்த முறையும் வருவார். சொல்லாமல் செய்தால், தானும் வராமல் தெருவில் நான்கு பேரையும் தடுப்பார்.

ஆய்வு மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், அளவுகோலோடு அங்கே போங்கள். அளந்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள், சிகிச்சையும் செய்துவிட்டு வாருங்கள்.